மணி அடிக்காத அலுவலகம்

மாநில ஏரிகள் ஆணையத்தின் ஐந்தாம் மாடியில் இருநூற்று எண்பது நாட்களாக மணி அடிக்கவில்லை. செய்தித்தாள்கள் இதை முதல் பக்கத்தில் போட்டன. போடாமல் என்ன செய்யும்? மற்ற அலுவலகங்களில் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்த மறுநிமிடமே மேசைமேல் இருக்கும் இச்சகமானி 'ணங்' என்று ஒரு முறையாவது அடித்துவிடும். "சார், இன்னிக்கு பத்து வயசு கம்மியா தெரியுறீங்க" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இந்த மாநிலத்தில் எந்த அலுவலகமும் பொழுதைத் தொடங்கியதில்லை. பொய்யாகப் புகழக் கூடாது என்று சட்டம் வந்து ஆறு வருடமாகியும் நாக்கு திருந்தவில்லை.

அதனால் ஏரிகள் ஆணையத்துக்கு 'நேர்நாக்கு விருது' கொடுக்க அரசு முடிவு செய்தது. கொடுப்பதற்கு முன் அங்குள்ள மானி ஒழுங்காக வேலை செய்கிறது என்று ஒருவர் சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். வான்மதியை அனுப்பினார்கள். மானியைக் கண்டுபிடித்தவளே அவள்தான். கணவன் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு மனைவியை அனுப்பலாமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மானிக்கு மாமன் மச்சான் உறவெல்லாம் தெரியாது என்று இன்னொருவர் சொல்ல, பேச்சு அத்துடன் முடிந்தது.

மானி பார்ப்பதற்கு ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்ததுபோல இருக்கும். மனம் ஒன்றை நினைத்து வாய் இன்னொன்றைச் சொல்லும்போது தொண்டைத் தசையில் மிகச் சிறிய தடுமாற்றம் உண்டாகிறது. மேடையில் நாற்பது வருடம் பேசிப் பழுத்தவராலும் அதை மறைக்க முடியாது. காதுக்குக் கேட்காத அந்தத் தடுமாற்றத்தை மானி கேட்டுவிடும்.

கருவியைச் செய்வது வான்மதிக்குச் சுலபமாக இருந்தது. சட்டத்தில் அதற்கு என்ன பெயர் எழுதுவது என்பதில்தான் மூன்று மாதம் போயிற்று. காக்கா பிடிப்பது என்று எழுதினால் வனத்துறை கேள்வி கேட்கும் என்றார் ஒருவர். ஐஸ் வைப்பது, சோப்புப் போடுவது, ஜால்ரா தட்டுவது எல்லாம் ஊருக்கே புரியும், ஆனால் அரசிதழில் அச்சிட்டால் சிரிப்பார்கள். முகஸ்துதி என்றதும் மொழிக்குழுவினர் எழுந்து நின்றுவிட்டார்கள். கடைசியில் அகராதிக்குள் தூங்கிக்கொண்டிருந்த 'இச்சகம்' என்ற சொல்லை எடுத்துத் தூசி தட்டினார்கள். அந்தச் சொல் யாருக்கும் சரியாகத் தெரியாததால் யாரும் எதிர்க்கவில்லை. அதற்கு விளக்கம் எழுதும் பொறுப்பு வான்மதியிடமே வந்தது. ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தாள்:

'தனக்குப் பயன் கருதி, தன் மனத்தில் இல்லாத புகழ்ச்சியை ஒருவர் முகத்தெதிரே சொல்வது இச்சகம்.'

இதைப் பள்ளிப் பாடத்தில்கூடச் சேர்த்தார்கள். தான் எழுதிய வாக்கியத்தைப் பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிக்கும்போது வான்மதிக்குப் பெருமையாகத்தான் இருக்கும். இருக்காதா பின்னே?

சட்டத்தின் தண்டனை எளிமையானது. ஒருவர் பேச்சுக்கு மூன்று முறை மணி அடித்தால் அவரை மேலதிகாரி முகத்திலேயே விழிக்க முடியாத ஏதாவது ஒரு களப்பணிக்கு மாற்றிவிடுவார்கள். அதன்பின் பதவி உயர்வு என்ற பேச்சே கிடையாது. வான்மதியின் கணவன் சிற்றரசு, ஏரிகள் ஆணையத்தில் மதகுப் பொறியாளர். அவனுக்குச் சென்ற வருடம் இரண்டு மணி அடித்துவிட்டன. முதல் மணி, ஆணையர் ஞானபண்டிதனின் ஊதா நிறச் சட்டை அவருக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொன்னதற்கு. இரண்டாவது, அவருடைய சுதந்திர தின உரையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னதற்கு.

மூன்றாவது அடிப்பதற்குள் ஆணையமே அவனை ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. அவனை மட்டுமல்ல, ஐந்தாம் மாடி முழுவதையும் அனுப்பியது. நாற்பது நாள். 'மனப்பண்பு மையம்' என்று பெயர். ஊழியர்கள் அதை மனசு டியூஷன் என்பார்கள். ஏதோ நாகரிகமாகப் பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள்போல என்று வான்மதி நினைத்துக்கொண்டாள்.

*

"வாங்க டாக்டர் வான்மதி! நீங்க வருவீங்கன்னு நான் அப்பவே நெனைச்சேன்" என்று காது மடலைப் பிடித்துக்கொண்டே வரவேற்றார் ஆணையர் ஞானபண்டிதன். அவள் வரப்போவதாகப் போன வாரமே கடிதம் போயிருந்தது.

வான்மதிக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் காது மடலையும் இந்த வாக்கியத்தையும் அவள் ஆயிரம் முறை தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பார்த்திருக்கிறாள். சிற்றரசு அபாரமான மிமிக்ரிக்காரன். கல்லூரியில் இருவரும் ஒரே வகுப்பு. முதல்வர் குரலில் விடுமுறை அறிவித்து மொத்த விடுதியையும் ஊருக்கு அனுப்பியவன் அவன். அந்தக் குரலில்தான் அவள் விழுந்தாள். திருமணத்துக்குப் பிறகு தினமும் சாப்பாட்டின்போது ஆணையர் அவர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். மழை பெய்தால் "இதை நான் அப்பவே நெனைச்சேன்". பெய்யாவிட்டாலும் அதே. அந்த 'ன்' மூக்கு வழியாகப் போய், காது மடல் வழியாக வெளியே வரும். வான்மதி சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடிப்பாள்.

பயிற்சிக்குப் போய் வந்தபின் அவன் அதை ஒருநாள்கூடச் செய்யவில்லை என்பது இப்போது, ஆணையர் எதிரே நிற்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒன்பது மாதம்! எப்படிக் கவனிக்காமல் இருந்தாள்?

அந்தக் கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். மானியின் சோதனைப் பொத்தானை அழுத்தினாள். இனி அடிக்கும் மணி கணக்கில் சேராது.

"உங்க அறையில மாட்டியிருக்கிற அருவிப் படம் ரொம்ப அழகா இருக்கு சார்."

'ணங்.'

மானி நன்றாகவே வேலை செய்தது. ஆணையர் அருவிப் படத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். வான்மதி பொத்தானை விடுவித்தாள்.

அப்போது மூன்று பொறியாளர்கள் ஒரு வரைபடத்துடன் உள்ளே வந்தார்கள். வெள்ளாரம்பேடு ஏரியில் வெள்ளிக்கிழமை 'நிறைநீர் விழா'. அமைச்சர் படகில் வருகிறார். ஏரி விளிம்புவரை தளும்பினால்தான் படம் எடுக்க அழகாக இருக்கும் என்பது ஆணையரின் யோசனை. எனவே இருபத்து நான்கு அடி வரும்வரை ஒரு மதகையும் திறக்கக் கூடாது என்று உத்தரவு போயிருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் இருபத்தொரு அடிக்கு மேல் அந்த ஏரியில் தண்ணீரைத் தேக்கக் கூடாது என்பது விதி. சிற்றரசின் மனைவியானதால் வான்மதிக்கும் அது தெரியும்.

"இந்த மாதிரி யோசிக்க சாரை விட்டா இந்த நாட்டுல ஆளே இல்ல" என்றார் ஒரு பொறியாளர். அவர் குரல் தழுதழுத்தது.

வான்மதி மானியைப் பார்த்தாள். சத்தமே இல்லை.

"மழை வருதுன்னு முன்னறிவிப்பு இருக்கே சார்?" என்று கேட்டாள்.

"மழை நாளைக்குத்தான்மா. ஏரி தாங்கும்."

"சார் சொன்னா தாங்கும்" என்றார் இரண்டாமவர். அதற்கும் மானி வாய் திறக்கவில்லை. மூன்றாமவர் தலையாட்டியபடி ஆணையரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூவர் முகத்திலும் பயமில்லை, கள்ளமில்லை, வெளியே போனதும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணடிக்கப் போகிற அறிகுறியும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

வான்மதி உத்தரவுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினாள். முந்தைய வருடத்தில் ஆணையர் போட்ட பதினேழு உத்தரவுகள் வரிசையாக இருந்தன. ஏரிக்கரைக் கற்களுக்கெல்லாம் நீல வண்ணம் அடித்தால் தண்ணீர் சுத்தமாகத் தெரியும் என்று ஒன்று. தன் பிறந்த நாளன்று எல்லா மதகுகளையும் மூடி ஏரிகளுக்கு ஓய்வு தரலாம் என்று இன்னொன்று. ஒவ்வொன்றின் கீழும் 'ஆணையரின் மேலான யோசனை நன்றியுடன் ஏற்கப்பட்டது' என்று எழுதி, அதற்கும் கீழே சின்ன எழுத்தில் 'தொழில்நுட்பக் காரணங்களால் ஒத்திவைக்கப்பட்டது' என்று இருந்தது. பதினேழுமே ஒத்திவைக்கப்பட்டிருந்தன.

சிற்றரசு ஒருமுறை சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. "அவர் முன்னாடி 'ஆஹா'ன்னு சொல்லிடுவோம் மதி. வெளிய வந்து எது சரியோ அதைப் பண்ணிட்டுப் போயிடுவோம். அவருக்கும் சந்தோஷம், ஏரிக்கும் சந்தோஷம்."

இந்த வருடப் பக்கங்களைத் திருப்பினாள். பதினொரு உத்தரவுகள், பாதி பழையவைதான். ஒவ்வொன்றின் கீழும் ஒரே சொல்: 'நிறைவேற்றப்பட்டது.'

தான் எழுதிய வாக்கியம் அவளுக்கு அப்போது வேறு மாதிரியாகக் கேட்டது. தன் மனத்தில் இல்லாத புகழ்ச்சி. மனத்தில் இல்லாவிட்டால்தானே மணி அடிக்கும்? மனத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டால்? நாக்கைத் திருத்துவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். நாக்கு இருந்தபடியே இருந்தது. மனத்தைத் திருத்தியிருந்தார்கள்.

மழை தொடங்கிவிட்டது. நாளைக்கு வரவேண்டிய மழை, ஆணையரைக் கேட்காமல் இன்றே வந்துவிட்டது.

*

வான்மதியை ஏற்றிக்கொண்டு ஓட்டுநர் இல்லாத தானோடி வண்டி வெள்ளாரம்பேடு கரையை அடைந்தபோது மாலை மூன்று மணி. கரைக் கற்கள் எல்லாம் பளிச்சென்று நீல வண்ணத்தில் இருந்தன. மதகு அறையில் சிற்றரசு தனியாக நின்று அளவுகோல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்து மூன்று அடி, நான்கு அங்குலம்.

"வா மதி. நனைஞ்சிட்டியே?" என்று துண்டை எடுத்து நீட்டினான்.

"அரசு, மதகுக் கதவைத் திற."

"இன்னும் எட்டு அங்குலம் இருக்கு. இருபத்திநாலு வரட்டும்."

"பத்து நிமிஷத்துக்கு ஓர் அங்குலம் ஏறுது. இப்பத் திறந்தா தாழைக்குப்பத்துல வாசல்ல தண்ணி வரும். இருபத்திநாலு அடி ஆன பிறகு அஞ்சு கதவையும் ஒண்ணாத் திறந்தா கூரைதான் தெரியும். இதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதானே?"

"அதெல்லாம் புத்தகக் கணக்கு" என்றான் பொறுமையாக. "சார் யோசிக்காம சொல்லமாட்டார்."

ஏரிக்குக் கீழே இருக்கும் தாழைக்குப்பத்தில் ஒன்பதாயிரம் வீடுகள். மேலே யாரைக் கூப்பிட்டாலும் அவர்கள் ஆணையரைக் கூப்பிடுவார்கள், ஆணையர் ஏரி தாங்கும் என்பார். கதவுகளோ சிற்றரசின் உள்ளங்கைக்கும் குரலுக்கும் மட்டும்தான் திறக்கும். ஒன்பதாயிரம் வீடுகளும் இந்த ஒருவன் கையில் இருந்தன. அந்தக் கை இப்போது அவன் கை இல்லை என்பதுதான் அவளுக்குத் திகிலாக இருந்தது.

அவள் பையிலிருந்து கைமானியை எடுத்து அவன் எதிரே வைத்தாள். "இப்பச் சொல்லு. அவர் சொன்னது சரின்னு சொல்லு."

"சார் சொன்னது சரி."

மணி அடிக்கவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த டியூஷன்ல உனக்கு என்னதான் பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல மதி. நெத்தியில ஒரு பட்டை கட்டுவாங்க. சார் முகத்தைக் காட்டுவாங்க. அவரைப் பத்தி நல்லதா நெனைக்கிறப்ப பட்டை இதமாச் சூடாகும், யாரோ தைலம் தேச்சு விடுற மாதிரி. வேற மாதிரி நெனைச்சா சில்லுனு ஆயிடும். அவ்வளவுதான்." அவன் சிரித்தான். "ஆனா முதல் பத்து நாள் சாரைப் பத்தி இல்ல, உன்னைப் பத்தி. மானியை நம்பினாத்தானே மத்தது மனசுல ஏறும்? சுவத்துல உன் படம் பெருசா மாட்டியிருக்காங்க. நீ கண்டுபிடிச்சதுதான் என்னை மனுஷனாக்குச்சு மதி. உன்னை மாதிரி ஒரு விஞ்ஞானி நூறு வருஷத்துக்கு ஒருத்தர்தான்."

இதற்கும் மணி அடிக்கவில்லை.

அவள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஒன்பது மாதம் எப்படிக் கவனிக்காமல் இருந்தாள்? இப்படித்தான். பயிற்சியிலிருந்து வந்த நாள்முதல் அவன் அவளைப் புகழ்ந்துகொண்டே இருந்தான். அவள் கட்டுரைகளை எடுத்து வைத்துப் படித்தான். அவள் வைக்கும் வத்தக்குழம்பில் உப்புத் தூக்கலாக இருக்கும். பழைய நாட்களில் அதைச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணில் நீர் முட்ட "தேவாமிர்தம்" என்பான். இந்த ஒன்பது மாதமாக இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கணவனுக்குத் தன் அருமை இப்போதுதான் புரிந்தது என்று அவள் மகிழ்ந்துபோயிருந்தாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

இருபத்து மூன்று அடி, ஆறு அங்குலம்.

அழுதுபார்த்தாள். அவன் பதறி அவள் கையைப் பிடித்துக்கொண்டான், ஆனால் கதவு பக்கம் போகவில்லை. அதட்டிப்பார்த்தாள். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு, வேறு வழி தெரியாமல், கோபத்தில்தான் அதைச் செய்தாள். மூக்கை ஒரு விரலால் அமுக்கிக்கொண்டு, கரகரத்த குரலில் கத்தினாள்:

"இதை நான் அப்பவே நெனைச்சேன்!"

சிற்றரசின் முகம் சுளித்தது.

"வெள்ளம் வரும்னு நெனைச்சேன்! ஊரு முழுகும்னு நெனைச்சேன்!"

"என்ன பண்ற நீ?"

"உங்க சார் பேசுறார். கேளு."

"சார் அப்படியா பேசுவார்? கழுதை கத்துற மாதிரி இருக்கு."

"இப்படித்தான் பேசுவார். நான் காலையில பார்த்தேனே." இன்னும் கேவலமாகச் செய்தாள். "இதை நான்... அப்பவே..."

"மூக்கை அமுக்கக் கூடாது மதி!" அவனால் பொறுக்க முடியவில்லை. சாரைக் கேலி செய்கிறாளே என்ற வருத்தத்தைவிட, இவ்வளவு மோசமாகச் செய்கிறாளே என்ற எரிச்சல் பெரிதாக இருந்தது. அந்த எரிச்சலுக்கு எந்தப் பட்டையும் கட்டவில்லை. "மூக்குக்கு முன்னாடி காது. முதல்ல காது மடலைப் புடிக்கணும். அப்புறம் தாடை லேசா மேல போகணும். 'நெனைச்சே'ன்னு நிறுத்தி, ஒரு மூச்சு எடுத்து, அப்புறம்தான் 'ன்'."

"எனக்கு வரல. நீ செஞ்சு காட்டு."

"நான் அதெல்லாம் விட்டுட்டேன்."

"சரி விடு. அவர் இப்படித்தான் பேசுறார்னு நான் வெளிய போய் எல்லார்கிட்டயும் செஞ்சு காட்டுறேன்." மறுபடி மூக்கை அமுக்கினாள்.

"ஐயோ, நிறுத்து!"

அவன் கை காது மடலுக்குப் போயிற்று. தாடை உயர்ந்தது. கண்கள் பாதி மூடின. ஒன்பது மாதத்துக்குப் பிறகு மதகு அறையில் ஆணையர் ஞானபண்டிதன் வந்து நின்றார்.

"இதை நான் அப்பவே நெனைச்சே... ன்."

வான்மதி விடவில்லை. "ஏரியைப் பத்திச் சொல்லுங்க சார்."

"ஏரி என்னம்மா ஏரி? இருபத்திநாலு அடி வரட்டும். அமைச்சர் படகுல வர்றார் இல்ல? தண்ணி தளும்பணும், படம் அழகா விழணும்." குரல் தானாக ஓடியது. பழகிய குதிரை. "மழை நாளைக்குத்தான் வரும். இன்னிக்குப் பெய்யுறது மழை இல்லம்மா, ஒத்திகை. ஏரிக்கு நான் சொல்லிட்டேன், தாங்கும். கல்லுக்கெல்லாம் நீல பெயிண்ட் அடிச்சிருக்கேன் இல்ல? வெள்ளம் அதைப் பார்த்து இது கடல்னு நெனைச்சித் திரும்பிப் போயிடும். இதை நான் அப்பவே..."

நின்றுவிட்டான்.

அவன் உதடு துடித்தது. சிரிப்பு முதலில் மூக்கில் வந்து, பிறகு தோளில் வந்து, பிறகு மொத்த உடம்பிலும் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே அளவுகோல் திரையைப் பார்த்தான். இருபத்து மூன்று அடி, ஏழு அங்குலம். சிரிப்பு அப்படியே உறைந்தது.

"அடக் கடவுளே, மதி! இருபத்தி மூணரைக்கு மேல போயிடுச்சு!"

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளங்கையைத் தகட்டில் வைத்துத் தன் சொந்தக் குரலில் கத்தினான். "ஒண்ணாம் கதவு, ரெண்டாம் கதவு, ரெண்டடி திற! தாழைக்குப்பத்துக்குச் சங்கு ஊது!" கரை அதிர்ந்தது. தண்ணீர் இரைச்சலுடன் வெளியே பாய்ந்தது. வான்மதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

*

தாழைக்குப்பத்தில் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் வந்து, விடிவதற்குள் வடிந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

மறுநாள் காலை ஆணையர் அறையில் கூட்டம். சான்றிதழில் கையெழுத்திடுவதற்காக வான்மதியும் மூலையில் உட்கார்ந்திருந்தாள். தாழைக்குப்பம் தப்பிய செய்தியை ஒருவர் படித்தார்.

ஆணையர் காது மடலைப் பிடித்தார். "இதை நான் அப்பவே நெனைச்சேன்."

"ஆமாம் சார்" என்றார்கள் மூன்று பொறியாளர்களும், மனமார. மானி அமைதியாக இருந்தது.

"நீங்க என்ன சொல்றீங்க சிற்றரசு?"

உத்தரவை மீறினேன் என்று சொல்லலாம். சொன்னால் மீறியவன் என்று ஒரு விசாரணை வரும், ஆணையருக்கும் எல்லோர் முன்னாலும் தலைகுனிவு. சிற்றரசு மனைவியை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, பழைய நாட்களில் சொல்வதுபோலவே சொன்னான்:

"எல்லாம் உங்க தொலைநோக்குதான் சார்."

'ணங்!'

இருநூற்று எண்பத்தொரு நாள் கழித்து அடித்த மணி. ஒரு பொறியாளர் கையிலிருந்த காபியைக் கொட்டிக்கொண்டார். ஆணையர் மானியைப் பார்த்தார், சிற்றரசைப் பார்த்தார், மறுபடி மானியைப் பார்த்தார். காது மடலுக்குப் போன கை பாதியிலேயே நின்றது.

"அப்போ..." என்றார். குரலில் மூக்கு இல்லை. "நேத்து அங்க என்னதான் நடந்துச்சு?"

அந்த அறையில் ஒன்பது மாதத்தில் ஆணையர் பதில் தெரியாமல் கேட்ட முதல் கேள்வி அது. சிற்றரசு ஒன்று விடாமல் சொன்னான். தாழைக்குப்பத்தில் எத்தனை வீடு என்று மட்டும் ஆணையர் ஒரு தடவை கேட்டார். ஒன்பதாயிரம் என்றான் சிற்றரசு. அவரும் மோசமான மனிதர் இல்லை. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த மனிதனுக்குத்தான் தன் முகம் தெரியும்?

"இதை நான் நெனைக்கவே இல்லப்பா" என்றார் கடைசியில்.

அதற்கு மணி அடிக்கவில்லை.

*

விருது போயிற்று. மூன்றாவது மணிக்கான தண்டனையாகச் சிற்றரசை நிரந்தரமாக வெள்ளாரம்பேடு கரைக்கு மாற்றினார்கள். அவனாகக் கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

வான்மதி நாற்பது பக்க அறிக்கை எழுதினாள். மணி அடிக்கும் அலுவலகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அங்கே மனிதர்களின் மனம் இன்னும் அவர்களிடமே இருக்கிறது. மணி அடிக்காத அலுவலகத்துக்கு உடனே ஆள் அனுப்புங்கள் என்பதுதான் அதன் சாரம். தன் விளக்கம் தவறு என்றும் தன் கையாலேயே எழுதினாள். அரசு அறிக்கையை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட வேகத்தில் புதிய விதியும் போட்டது: இனி ஒவ்வோர் அலுவலகத்திலும் மாதத்துக்குப் பன்னிரண்டு முறையாவது மணி அடித்தாக வேண்டும்.

அடுத்த வாரமே மனப்பண்பு மையத்தின் வாசலில் பலகை மாறியது. 'மனத்தில் இல்லாததை மனம் கூசாமல் பேச நாற்பது நாள் பயிற்சி. தேர்ச்சி உறுதி.' ஐந்தாம் மாடிப் பொறியாளர்கள் மூவரும் முதல் வரிசையில் சேர்ந்தார்கள். பாவம், என்ன முயன்றும் அவர்களுக்கு ஒரு மணிகூட அடிக்கவில்லையாம். உள்ளே சுவரில் வான்மதியின் படம் அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வான்மதி வத்தக்குழம்பு வைத்தாள். கைமானியைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தவள் அணைக்க மறந்திருந்தாள். சிற்றரசு ஒரு வாய் எடுத்து வைத்தான். கண்ணில் நீர் முட்டியது. விழுங்கினான்.

"தேவாமிர்தம்" என்றான்.

'ணங்.'

இருவரும் மானியைப் பார்த்தார்கள். சட்டப்படி இது இச்சகம்தான். மனத்தில் இல்லாததைச் சொன்னான், முகத்தெதிரே சொன்னான், பயன் கருதியே சொன்னான். அவள் முகம் மலர வேண்டும் என்பதைத் தவிர அதில் வேறு பயன் ஒன்றும் இல்லை. ஒன்பது மாதம் அவன் வாரி வழங்கிய உண்மைப் புகழ்ச்சியில் ஒன்றுகூட அவளை இப்படித் தொட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரண்டி நிறைய எடுத்து, அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

சிற்றரசு தட்டைப் பார்த்தான். மெதுவாகக் காது மடலைப் பிடித்தான்.

"இதை நான் அப்பவே நெனைச்சே... ன்."

மணி அடிக்கவில்லை.